மேண்ட்ரலில் சிக்கிய கார்பன் ஃபைபர் குழாயைக் கழற்றுவது எப்படி?

கேள்வி சுருக்கமாக இது: 25 மி.மீ. விட்டமுள்ள கெட்டியான அலுமினியக் கம்பியில் (குழாய்க்கு அச்சாக நிற்கும் இதுதான் மேண்ட்ரல்) மெழுகு மூன்று கை பூசி, ஒரு மீட்டர் நீளத்துக்கு கார்பன் ஃபைபர் பின்னல் உறை ஏற்றி, எபாக்சியில் நனைத்து, ஷ்ரிங்க் டேப் (சூடுபட்டால் சுருங்கி அமுக்கும் நாடா) சுற்றி, அறை வெப்பத்தில் இறுக விட்டாயிற்று. இப்போது குழாய் அசையவே மாட்டேன் என்கிறது. கழற்ற வழி உண்டா? அடுத்த முறை சிக்காமல் இருக்க என்ன செய்வது?

பெரும்பாலும் கழற்றிவிடலாம். ஆனால் சுத்தியலையோ பைப் ரெஞ்சையோ எடுப்பதற்கு முன்னால், விசையை எந்தத் திசையில் கொடுக்க வேண்டும் என்பது தெளிவாக வேண்டும். சிக்கிய குழாய்களில் பல, கழற்றும்போது தவறான பக்கம் இழுத்ததால்தான் இன்னும் இறுகிப் போகின்றன.

பின்னல் உறையைக் கையில் பிடித்து நீளவாக்கில் இழுத்தால் ஒல்லியாகும், நெருக்கினால் பருக்கும். எபாக்சி இறுகிய பிறகும் ±45° இழைக்கு (குழாயின் நீளத்துக்கு இரு பக்கமும் 45° சாய்வாக ஓடும் இழை) அந்தக் குணம் போவதில்லை. இந்த அடுக்கில் பாய்சான் விகிதம், அதாவது நீளும் அளவுக்கு எத்தனை பங்கு ஒல்லியாகிறது என்ற கணக்கு, சுமார் 0.7 முதல் 0.8 வரை இருக்கும். உலோகங்களுக்கு அது 0.3 பக்கம்தான். ஆகவே குழாயின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு மறுமுனைப் பக்கமாகக் கம்பியை இழுத்தால், குழாய் இழுவிசைக்கு உள்ளாகி சுருங்கிக் கம்பியைக் கவ்விக்கொள்ளும். செய்ய வேண்டியது நேர்மாறானது: கம்பி எந்தப் பக்கம் வெளியே வருகிறதோ, அந்தப் பக்கத்துக் குழாய் முனையை ஒரு தகட்டில் முட்டவைத்து, தகட்டின் துளை வழியாகக் கம்பியை இழுக்க வேண்டும். குழாய் அமுக்கத்தில் இருப்பதால் மயிரிழை அளவு பருக்கும். கம்பி இழுவிசையில் இருப்பதால் மயிரிழை அளவு ஒல்லியாகும். இரண்டும் நமக்குச் சாதகம். கம்பியின் பின்புறத்தில் சுத்தியலால் அடித்தால் கம்பி பருக்கிறது, அதோடு அடிபட்ட முனை காளான் மாதிரி விரிந்து குழாய்க்குள் போகவே முடியாமல் ஆகிவிடும்.

இப்போது சிக்கியிருப்பதற்கு

முதலில் ஷ்ரிங்க் டேப்பை முழுக்க உரித்துவிடுங்கள். பிறகு இரண்டு முனைகளையும் பாருங்கள். டேப் பிழிந்து தள்ளிய ரெசின் (அதாவது எபாக்சி) முனையைத் தாண்டி வழிந்து கம்பியின் மேல் ஒரு வளையமாக இறுகியிருக்கும். அங்கே மெழுகு சரியாகப் பூசப்படாமல் இருந்தால் அந்த வளையம் மட்டுமே பல நூறு கிலோ விசையைத் தாங்கும். பித்தளை அல்லது கெட்டி பிளாஸ்டிக் சுரண்டியால் அதை எடுத்துவிட்டு, குழாயின் முனையையும் கம்பிக்குச் செங்குத்தாக வெட்டிச் சமப்படுத்துங்கள். வெட்டும் டிஸ்க் கம்பியைத் தொட்டுக் கீறினால், அந்தக் கீறலின் பிசிறு மொத்தக் குழாயையும் கடந்து வரவேண்டியிருக்கும். கடைசி அடுக்கைக் கையால் ரம்பம் பிடித்தோ உப்புத்தாளால் தேய்த்தோ முடிப்பது நல்லது.

அடுத்தது குளிர். கணக்கைப் பார்த்தால் எவ்வளவு எதிர்பார்க்கலாம் என்று புரியும். அலுமினியம் ஒரு டிகிரி செல்சியஸுக்கு மீட்டருக்கு 23 மைக்ரான் சுருங்கும். ±45° கார்பன் அடுக்கு 2 முதல் 3 மைக்ரான்தான் சுருங்கும். 25° அறையில் இறுகிய 25 மி.மீ. குழாயை −18° ஃப்ரீசரில் வைத்தால் 43° வித்தியாசம். விட்டத்தில் கிடைக்கும் இடைவெளி சுமார் 0.022 மி.மீ. ட்ரை ஐஸ் (உறைந்த கார்பன் டை ஆக்சைடு) −78.5° வரை போகும். அதில் சுமார் 0.05 மி.மீ. கிடைக்கும். எண்கள் சின்னவைதான். ஆனால் ஒட்டியிருக்கும் படலத்தைப் பிரிக்க இதுவே போதுமானது. இன்னொரு லாபம் நீளவாக்கில் வருகிறது: ஒரு மீட்டர் அலுமினியம் 43° குளிர்ந்தால் கிட்டத்தட்ட ஒரு மி.மீ. குட்டையாகும், குழாய் அவ்வளவு குறையாது. இந்த வழுக்கல் முனைகளிலிருந்து நடுவை நோக்கி ஒட்டைக் கிழித்துக்கொண்டே போகும். குளிரும்போது ‘டிக், டிக்’ என்று சத்தம் கேட்டால் அது நல்ல செய்தி.

ஒரு மீட்டர் நீளம் வீட்டு ஃப்ரீசரில் நுழையாது என்பதால், நீளமான பிளாஸ்டிக் பைக்குள் வைத்து, உப்பு கலந்த நொறுக்கு ஐஸில் புதைக்கலாம். அது −15° பக்கம் எளிதாகப் போகும். கம்பி உள்ளீடற்ற குழாயாக இருந்தால் ட்ரை ஐஸ் துண்டுகளை உள்ளே போட்டு ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் ஊற்றினால் வேகமாகக் குளிரும். ஆனால் கீழ்முனையை மட்டும் அடைத்து மேல்முனையைத் திறந்தே வையுங்கள்; இரண்டு பக்கமும் அடைத்தால் வாயு அழுத்தத்தில் வெடிக்கும். கையுறை, கண்ணாடி, காற்றோட்டமுள்ள இடம் மூன்றும் கட்டாயம், பக்கத்தில் நெருப்பு கூடாது. வெளியே ஹாட் ஏர் கன் காட்டிக் குழாயை விரிக்கலாம் என்று சிலர் சொல்வதை நம்ப வேண்டாம். 30° சூடாக்கினால் குழாயின் விட்டம் 0.002 மி.மீ. கூடும், அவ்வளவுதான். அறை வெப்பத்தில் இறுகிய எபாக்சி பெரும்பாலும் 50° பக்கத்திலேயே இளகத் தொடங்கும் என்பதால், இழப்புதான் அதிகம்.

குளிர்ந்தவுடன் தாமதமில்லாமல் இழுக்க வேண்டும். அதற்கான சாதனத்தை முன்பே பொருத்தி வைத்துவிடுங்கள். கம்பியின் முனையில் 30 மி.மீ. ஆழத்துக்கு எம்12 மரை வெட்டி, ஒரு நீள ஸ்டட்டை (தலையில்லாத மரைக் கம்பி) முறுக்குங்கள். 10 மி.மீ. தடிமனுள்ள எஃகுத் தகட்டில் 25.3 மி.மீ. துளை போட்டு, துளையின் விளிம்பைச் சற்று மழுக்கி, கம்பியின் மேல் ஏற்றிக் குழாய் முனையில் முட்டவையுங்கள். தகட்டுக்கு வெளிப்புறம், கம்பி உள்ளே நுழையும் அளவுக்கு அகலமான, 150 மி.மீ. நீளமுள்ள எஃகுக் குழாய்த் துண்டு. அதன் வாயில் ஒரு கெட்டி வாஷர், த்ரஸ்ட் பேரிங், நட். ஸ்டட் சுழலாமல் அதன் நுனியில் இரண்டு நட்டைப் பூட்டி ஒரு ஸ்பேனரால் பிடித்துக்கொண்டு, மரைக்கு கிரீஸ் தடவி, வேலை செய்யும் நட்டை இறுக்குங்கள்.

எவ்வளவு விசை? ஒரு மீட்டர் நீளத்தில் 25 மி.மீ. விட்டத்துக்கு உள்பரப்பு 785 சதுர செ.மீ. ஒட்டு வெறும் 0.1 மெகாபாஸ்கல் இருந்தாலே 7,850 நியூட்டன், அதாவது 800 கிலோ எடைக்குச் சமம். இரண்டு பேர் இழுத்தால் வராது என்பது இதனால்தான். எம்12 நட்டுக்கு இது பெரிய விஷயமில்லை. 20 நியூட்டன் மீட்டர் முறுக்கிலேயே அந்த விசை வந்துவிடும். பயப்பட வேண்டியது குழாயின் முனைக்கு. 1.5 மி.மீ. சுவர் என்றால் முட்டும் பரப்பு 125 சதுர மி.மீ.; அதில் 63 மெகாபாஸ்கல் அழுத்தம் விழும். கையால் நனைத்த ±45° அடுக்கின் முனை அந்த அளவில் துடைப்பம்போலப் பிரியத் தொடங்கலாம். முனையில் 30 மி.மீ. அகலத்துக்குக் கண்ணாடி இழைத் துணியும் எபாக்சியும் சுற்றிச் சுவரை 4 மி.மீ. ஆக்கிவிட்டால் அழுத்தம் 22 மெகாபாஸ்கலுக்கு இறங்கிவிடும். அந்தக் கழுத்தைப் பிறகு வெட்டி எறிந்துவிடலாம்.

நட்டை ஒரேயடியாக முறுக்காமல், கால் சுற்று, ஒரு நிமிடம் காத்திருப்பு, மறுபடி கால் சுற்று என்று போங்கள். ஒட்டு பிரிவதற்கு நேரம் பிடிக்கும். முதல் நகர்வுக்குப் பிறகு விசை சட்டென்று குறையும். அதற்குப் பின் நிறுத்தாதீர்கள்; பாதியில் விட்டால் கம்பி அறை வெப்பத்துக்கு வந்து மறுபடி இறுகும். இழுவிசை இருக்கும்போதே ஸ்ட்ராப் ரெஞ்ச்சால் குழாயை முறுக்குவதும் உதவும். ±45° அடுக்கு முறுக்கு விசையை நன்றாகத் தாங்கும். ஒற்றைத் திசை இழை மட்டும் உள்ள குழாயில் இதைச் செய்யக் கூடாது, நீளவாக்கில் பிளந்துவிடும்.

அதற்கும் வராவிட்டால், எது முக்கியம் என்று முடிவு செய்யுங்கள். கம்பி முக்கியம் என்றால், குழாயை நீளவாக்கில் இரண்டு கோடாக வெட்டிப் பிரித்தெடுங்கள். தூசி நுரையீரலுக்குக் கெடுதி. முகமூடியும் ஈரத் துணியும் வேண்டும். தூசி மின்சாரத்தைக் கடத்தும் என்பதால் கருவிகளின் மோட்டாருக்குள்ளும் போகக் கூடாது. குழாய்தான் முக்கியம் என்றால் அலுமினியத்தைக் காஸ்டிக் சோடாவில் கரைக்கலாம் என்ற யோசனை வரும். கெட்டிக் கம்பிக்கு அது வேண்டவே வேண்டாம். 25 மி.மீ. கம்பி ஒரு மீட்டருக்கு 1.3 கிலோ எடை. அதைக் கரைக்க 2 கிலோ காஸ்டிக் சோடா செலவாகும், கிட்டத்தட்ட 1,800 லிட்டர் ஹைட்ரஜன் வெளிவரும், கரைசல் கொதிக்கும். சுவர் 1.5 மி.மீ. உள்ள உள்ளீடற்ற குழாயிலேயே 400 லிட்டர் வரும். திறந்தவெளியில், நெருப்பின்றி, நீர்த்த கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்துளையில் ஊற்றத் தெரிந்தவர்களுக்கு மட்டும் அது ஒரு கடைசி வழி.

ஏன் சிக்குகிறது, அடுத்த முறை என்ன

மெழுகு போதவில்லை என்பதுதான் எல்லோரும் முதலில் சொல்லும் காரணம். பாதி உண்மை. ஒட்டாத படலம் இருந்தும் குழாய் வராமல் போவதற்கு மூன்று காரணங்கள் உண்டு: கம்பியின் பரப்பு, கம்பியின் அளவு, ரெசின் இறுகிய வெப்பநிலை.

பரப்பில் மோசமானது லேத்தில் கடைந்த கோடுகள். அவை கம்பியைச் சுற்றி ஓடுவதால் ரெசின் அவற்றுக்குள் இறங்கி மரைபோலப் பூட்டிக்கொள்ளும். கையால் பார்க்க வழவழப்பாக இருக்கும், நகத்தை நீளவாக்கில் இழுத்தால்தான் தெரியும். 400, 800, 1200, 2000 வாட்டர் பேப்பர்களை வரிசையாகப் பயன்படுத்தி, கடைசித் தேய்ப்பு முழுவதும் நீளவாக்கில் இருக்கும்படி முடியுங்கள். லேத்தில் சுழலவிட்டு உப்புத்தாள் பிடிப்பது வேகமான வேலை, ஆனால் கோடுகள் தவறான திசையில் விழும். ஆனோடைஸ் செய்த அலுமினியத்தில் எச்சரிக்கை தேவை. அந்தப் படலத்தின் நுண்துளைகள் சரியாக மூடப்படாமல் இருந்தால் எபாக்சி அதை விரும்பிப் பிடிக்கும். வெறுமனே பாலிஷ் செய்த உலோகம் மேல்.

அளவுக்கு ஒரு மைக்ரோமீட்டர் போதும். 100 மி.மீ.க்கு ஒரு இடமாக, ஒவ்வொரு இடத்திலும் இரண்டு குறுக்குத் திசைகளில் அளந்து எழுதுங்கள். கடையில் வாங்கும் கம்பியில் 0.03 மி.மீ. ஏற்ற இறக்கம் சாதாரணம். குளிரால் கிடைக்கும் இடைவெளியே 0.022 மி.மீ.தான் என்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள். நடுவில் ஒரு தடித்த இடம் இருந்தால் எந்த மெழுகும் காப்பாற்றாது. ஒல்லியான முனையைக் கண்டுபிடித்து, குழாய் அந்தப் பக்கமாகத்தான் கழன்று வர வேண்டும் என்று அம்புக்குறி குத்திவைத்துவிடுங்கள். முடிந்தால் அந்தப் பக்கம் அதிகமாகத் தேய்த்து, மீட்டருக்கு 0.05 முதல் 0.1 மி.மீ. சரிவு உண்டாக்குங்கள். இவ்வளவு சிறிய சரிவு குழாயின் பயன்பாட்டில் தெரியாது, கழற்றும்போது நன்றாகவே தெரியும்: சில செ.மீ. நகர்ந்ததும் குழாய் முழுவதும் தளர்ந்துவிடும். சம விட்டமுள்ள கம்பியிலோ கடைசி வரை உரசிக்கொண்டே வரும்.

வெப்பநிலைதான் பலர் யோசிக்காத இடம். இடைவெளி, சூட்டடுப்பு (அவன்) எட்டிய உச்ச வெப்பத்தைப் பொறுத்ததல்ல. ரெசின் கெட்டியாகி வடிவத்தைப் பூட்டிய வெப்பத்தைப் பொறுத்தது. 80°யில் விரிந்து நிற்கும் அலுமினியத்தின் மேல் ரெசின் இறுகினால், 25°க்கு ஆறும்போதே 0.028 மி.மீ. இடைவெளி தானாகக் கிடைக்கும். ஃப்ரீசர் அதற்கு மேல் கூடுதல். எஃகுக் கம்பி இதே அளவு ஆறினால் 0.013 மி.மீ. மட்டுமே, ஏனென்றால் எஃகின் விரிவு 12 மைக்ரான். ஹார்ட் குரோம் பூசிய ஹைட்ராலிக் கம்பிக்கு வேறு நன்மைகள் உண்டு: நேர்த்தி, உருண்டைத்தன்மை, கீறல் விழாத பரப்பு. நூற்றுக்கணக்கில் குழாய் செய்பவர் அதை வாங்கலாம். வீட்டில் பத்து குழாய் செய்பவருக்கு அலுமினியமே சரி.

ஆகவே 80° தாங்கும் ஹார்டனரை (எபாக்சியை இறுகவைக்கும் திரவம்) தேர்ந்தெடுத்து, டேப் சுற்றியவுடன் கம்பியை அவனில் வையுங்கள். சூட்டில் ரெசின் தண்ணீராக இளகிக் கீழ்ப்பக்கம் தேங்கும். நிமிடத்துக்கு 5 முதல் 10 சுற்று சுழலும் சிறு மோட்டார் இருந்தால் தேங்காது. அறை வெப்பத்திலேயே இறுக விட வேண்டிய நிலை என்றால், போஸ்ட் க்யூரையாவது (இறுகியபின் சூட்டில் வைத்து முழுமையாக்குவது) கம்பியிலிருந்து கழற்றாமல் செய்யுங்கள். அரைகுறையாக இறுகிய ரெசின் சூட்டில் மறுபடி இளகி, விரிந்த அலுமினியத்துக்கு ஏற்ப ஓரளவு அமர்ந்துகொள்ளும்.

இழையின் திசையும் இந்தக் கணக்கில் வருகிறது. எல்லா இழையும் நீளவாக்கில் ஓடும் குழாயில், குறுக்குத் திசையில் சுருங்குவது ரெசின்தான்; அது அலுமினியத்துக்கு இணையாகவோ கூடவோ சுருங்கும். எவ்வளவு குளிர்வித்தாலும் இடைவெளியே வராது. உள்ளே முதல் அடுக்காக ±45° பின்னலோ சாதாரண நெசவுத் துணியோ ஒரு சுற்று இருந்தால் இந்தச் சிக்கல் பெருமளவு தீரும், குழாய் பிளப்பதும் குறையும்.

இப்போது ரிலீஸுக்கு, அதாவது ஒட்டாமலிருக்கப் பூசும் படலத்துக்கு, வருவோம். புதுக் கம்பிக்கு கார்னாபா மெழுகு மூன்று கை போதாது; ஆறு கை, ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு மணி நேரம், ஒவ்வொன்றையும் பளபளப்பாகத் துடைத்து. தடிமனாக ஒரே தடவை பூசினால் அடியில் கரைப்பான் தங்கி, மெழுகு ரெசினோடு கலந்துவிடும். கார்களுக்கான பாலிஷில் சிலிக்கோன் இருக்கலாம். குழாயின் உள்ளே பிறகு எதையாவது ஒட்ட வேண்டியிருந்தால் அது தொல்லை. சுத்தமான கார்னாபாவே 82° பக்கம் உருகிவிடும், டப்பா மெழுகுகளில் அதைவிட மென்மையானவையும் கலந்திருக்கும். ஆகையால் 60°க்கு மேல் சூடாக்குவதென்றால் செமி-பெர்மனன்ட் வகை ரிலீஸ் திரவமே ஏற்றது. கம்பியை அசிட்டோனால் எண்ணெய் போகத் துடைத்து, மெல்லிய கைகளாகப் பூசி, டப்பாவில் சொன்ன நேரம் உலரவிட வேண்டும். மெழுகு பூசிய கம்பியின் மேலேயே அதைப் பூசினால் பிடிக்காது. பி.வி.ஏ. (பாலிவினைல் ஆல்கஹால்) படலம் மெழுகுக்கு மேல் நல்ல காப்பு. தண்ணீரில் கரையும் என்பது அதன் பெருமை. ஆனால் ஒரு மீட்டர் குழாயில் தண்ணீர் முனைகளிலிருந்து மட்டுமே ஊற முடியும். வெந்நீரில் இரவு முழுக்கப் போட்டாலும் நடுப்பகுதிக்குச் சேராது. ஊறிய அலுமினியத்தைக் கார்பனோடு அப்படியே நாள்கணக்கில் விட்டால் அரிப்பு வந்து பரப்பு குழிவிழும்.

வீட்டில் செய்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது பாலியெஸ்டர் ஃபிலிம்தான். 50 மைக்ரான் ஃபிலிமை, மெழுகு பூசிய கம்பியின் மேல் ஒரே சுற்றாக, 10 முதல் 15 மி.மீ. ஒன்றின்மேல் ஒன்று ஏறும்படி நீளவாக்கில் உருட்டிச் சுற்றுங்கள். விளிம்பை, அடுக்கு வராத முனைப் பகுதியில் மட்டும் மெல்லிய டேப்பால் ஒட்டுங்கள். துணியையும் ஷ்ரிங்க் டேப்பையும் ஃபிலிம் சுற்றிய திசையிலேயே சுற்ற வேண்டும். எதிர்த்திசையில் சுற்றினால் விளிம்பு தூக்கிக்கொண்டு ரெசின் உள்ளே புகும். கழற்றும்போது உலோகத்தின் மேல் ஃபிலிம் வழுக்கும், பிறகு ஃபிலிமை உள்பக்கமாகச் சுருட்டி உருவிவிடலாம். உள்சுவரில் 0.05 மி.மீ. உயரத்தில் ஒரு நீளக் கோடு நிற்கும், உள்விட்டம் 0.1 மி.மீ. கூடும். ஒரு குழாய்க்குள் இன்னொன்று நுழைய வேண்டிய வேலைக்கு மட்டும் இது பொருந்தாது. ஃபிலிம் இருக்கிறதே என்று மெழுகைக் கைவிட வேண்டாம், அந்த மடிப்பின் இடுக்கு வழியாக ரெசின் ஊறுவது வழக்கம்.

கம்பி, குழாயைவிட இரண்டு பக்கமும் 120 மி.மீ.யாவது நீளமாக இருக்கட்டும். மெழுகும் அந்த நீளம் முழுக்கப் போகட்டும். அடுக்கு முடியும் இடத்தைத் தாண்டிக் கம்பியில் மாஸ்கிங் டேப் சுற்றிவைத்தால், வழியும் ரெசின் அதன் மேல் விழும். ரெசின் ஜெல் ஆகும் பருவத்தில் உரித்துவிடலாம். தள்ளுவதற்கான தடித்த கழுத்தையும், எம்12 மரையையும் துணி சுற்றுவதற்கு முன்பே திட்டமிட்டுவிடுங்கள். உள்ளீடற்ற கம்பி என்றால் முனையில் ஒரு கெட்டி அடைப்பை இறக்கிக் குறுக்கே பின் அடித்து, அந்த அடைப்பில் மரை வெட்டுங்கள். பின்னின் தலை வெளிப்பரப்பைத் தாண்டித் துருத்தக் கூடாது.